மேல்வளியை அளக்கும் செயற்கைக்கோள்கள்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழா அறிவியல் அரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் வாழ்த்துரைகள் பல கேட்டீர்கள். எனக்கு இட்ட பணி அறிவியலைப் பற்றிப் பேசுவது. கண்ணுக்குத் தெரியாத, கைக்கு எட்டாத, அளவிலும் மிகமிகச் சிறிய பொருள் ஒன்றை மனிதன் எவ்வாறு அளந்தான், அந்த அளவையால் உலகம் எவ்வாறு ஒரு கேட்டிலிருந்து விலகியது என்பதை உங்கள்முன் வைக்க விழைகிறேன்.

அளவை என்பது நமக்குப் புதிய செய்தியன்று. களத்துமேட்டில் நின்று கூலி நெல்லை மரக்காலால் அளந்து வாங்கியது நம் பாட்டனார் தலைமுறை. மரக்கால் எவர் கையில் இருந்ததோ அவர் சொன்னதே கணக்காயிற்று. எழுத்தும் எண்ணும் மறுக்கப்பட்டவர்களால் அக்கணக்கை மறுக்க இயலவில்லை. ஆகவே அளக்கக் கற்பதும், பிறர் அளந்ததைச் சரிபார்க்கக் கற்பதும் வெறும் பாடமன்று. அது தன்மானத்தோடு தொடர்புடையது. இக்கருத்தை மனத்தில் கொண்டு என் உரையைக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

சிறிதளவின் ஆற்றல்

நாம் உயிர்க்கும் காற்றில் ஈரத்தை நீக்கிப் பார்த்தால் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். 21 பங்கு ஆக்சிஜன். ஏறத்தாழ ஒரு பங்கு ஆர்கான். எஞ்சியுள்ள மிகச் சிறு இடத்தில்தான் கரியமில வாயு, மீத்தேன், ஓசோன் முதலிய பற்பல வளிகள் அடங்கியுள்ளன. இவற்றைச் சிறுவளிகள் என்று கூறலாம். இவற்றுள் சில, நூறு கோடியில் ஒன்று, இரண்டு என்ற கணக்கிலேயே உள்ளன.

நூறு கோடியில் ஒன்று என்றால் எவ்வளவு? ஒரு நெல்மணியின் எடை 25 மில்லிகிராம் என்று கொள்வோம். நூறு கோடி நெல்மணிகள் 25 டன் எடை இருக்கும். அவற்றை 75 கிலோ மூட்டைகளாகக் கட்டினால் 330 மூட்டைகளுக்கு மேல் ஆகும். அத்தனை மூட்டைகளிலும் ஒரே ஒரு மணியைத் தேடி எடுப்பதைப் போன்றது அந்த அளவை.

அவ்வளவு சிறிய பொருளால் என்ன ஆகிவிடும் என்று கேட்கத் தோன்றும். நம் ஊர்க் குண்டு மிளகாய் ஒன்று அடுப்பில் தவறி விழுந்தால் வீட்டில் உள்ளோர் அனைவரும் இருமித் தெருவிற்கு வந்துவிடுகிறார்களே! பொருளின் அளவு சிறிது, விளைவு பெரிது. வானத்திலும் அப்படியே.

ஓசோன் என்பது மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு. தரைக்கு மேல் ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில், அடுக்கு மண்டலம் எனப்படும் பகுதியில் அது மிகுதியாக உள்ளது. மிகுதி என்று சொன்னாலும், தலைக்கு மேலுள்ள ஓசோன் முழுவதையும் தரைமட்ட அழுத்தத்திற்குக் கொண்டுவந்து பரப்பினால் அதன் கனம் 3 மில்லிமீட்டர் அளவே இருக்கும். நம்மைப் போன்ற வெப்ப மண்டலத்தாருக்கு அதனினும் சற்றுக் குறைவு. கதிரவனிடமிருந்து வரும் கேடுமிக்க புறஊதாக் கதிர்களின் பெரும்பகுதியைத் தடுத்து நிறுத்துவது அந்த மெல்லிய போர்வையே.

இராமநாதபுரம் கடற்கரையில் இதன் பொருளை எவரும் எளிதில் உணரலாம். வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பு வாருவோர், கரைவலை இழுப்போர், மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டி மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள், கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுவோர் ஆகிய இவர்களுக்கெல்லாம் பகற்பொழுது முழுதும் வெட்டவெளிதான் பணியிடம். நமது தோலின் கருநிறம் ஓரளவு காப்பளிக்கிறது. கண்ணுக்கு அந்தக் காப்பு இல்லை. நீண்டகாலம் புறஊதாக் கதிர்பட்ட கண்ணில் புரை விழும் வாய்ப்பு மிகுதி. நிழலில் அமர்ந்து பணிபுரிவோரைவிட வெயிலில் நின்று உழைப்போருக்கே அந்த 3 மில்லிமீட்டர் போர்வை இன்றியமையாதது.

வந்த கேடும் எழுந்த ஐயமும்

குளிர்ப்பெட்டிகளிலும் தெளிப்பான் குப்பிகளிலும் ஒரு காலத்தில் குளோரோ புளோரோ கார்பன் என்ற வளிகள் நிரப்பப்பட்டன. அவை தீப்பற்றுவதில்லை, நஞ்சன்று, எதனோடும் எளிதில் வினைபுரிவதில்லை. ஆகவே நல்ல பொருளென்று உலகம் கொண்டாடியது. 1974ஆம் ஆண்டில் மரியோ மோலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற இரு வேதியியலார், அந்த நற்குணமே கேடாக முடியும் என்று எச்சரித்தனர். எதனாலும் சிதையாமல் அவ்வளி அடுக்கு மண்டலம் வரை ஏறுகிறது. அங்கே புறஊதாக் கதிர் பட்டுச் சிதைந்து குளோரின் அணுவை விடுவிக்கிறது. அந்த ஓர் அணு, தான் அழியாமலேயே பல்லாயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளை அடுத்தடுத்து அழிக்கிறது என்பது அவர்களது முடிவு. அடுத்த ஆண்டே, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற வீரபத்திரன் இராமநாதன், அதே வளி பூமியை வெப்பமாக்குவதிலும் கரியமில வாயுவைவிடப் பல்லாயிரம் மடங்கு வலிமையுடையது என்று கணக்கிட்டுக் காட்டினார்.

1985இல் அந்த எச்சரிக்கை கண்கூடாயிற்று. அண்டார்க்டிகாவின் ஹாலி நிலையத்தில் ஜோசப் பார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்ளின் ஆகிய மூவரும் ஒவ்வோர் ஆண்டும் வசந்த காலத்தில் ஓசோன் பெரிதும் குறைவதை வெளியிட்டனர். அவர்கள் கையாண்டது 1920களில் வடிவமைக்கப்பட்ட டாப்சன் கருவி. நமது கொடைக்கானலிலும் அதே வகைக் கருவியால் ஓசோன் அளக்கப்பட்டு வந்துள்ளது.

அப்பொழுது வானில் செயற்கைக்கோள் இல்லையா? இருந்தது. 1978 அக்டோபரில் ஏவப்பட்ட நிம்பஸ் 7 ஓசோனை அளந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் வழக்கத்திற்கு மாறாக மிகக் குறைந்த எண்கள் வந்தால், அவை ஐயத்திற்குரியவை என்று குறியிடுமாறு கணிப்பொறிக்குக் கட்டளை இடப்பட்டிருந்தது. அந்த எண்கள் வீசி எறியப்பட்டன என்று சிலர் எழுதியதுண்டு, அது சரியன்று. குறியிட்டு வைக்கப்பட்டிருந்த எண்களைப் பவன் பார்த்தியா முதலிய ஆய்வாளர்கள் மீண்டும் ஆராய்ந்தனர். ஓசோன் குறைவு ஹாலி என்ற ஓரிடத்தில் மட்டுமன்று, அண்டார்க்டிகா முழுவதையும் கவிந்திருப்பதை அவற்றைக் கொண்டே உலகிற்குப் படமாகக் காட்டினர்.

இளைஞர்களே, இதில் ஒரு பாடம் உண்டு. எதிர்பார்த்ததையே காணும் கண் புதியதைக் காணாது. விலை உயர்ந்த கருவியும் பழைய கருவியும் ஒன்றையொன்று சரிபார்க்கும்போதே உண்மை உறுதிப்படுகிறது.

1987 செப்டம்பர் 16ஆம் நாள் மாண்ட்ரீல் உடன்பாடு கையெழுத்தாயிற்று. ஆயினும் எதிர்ப்பு ஓயவில்லை. எதிர்த்தோர் எழுப்பிய வினா வலுவுடையதாகத் தோன்றியது: “கடலிலிருந்து எவ்வளவு உப்புத் திவலை காற்றில் ஏறுகிறது! எரிமலைகள் எவ்வளவு குளோரினைக் கக்குகின்றன! இவ்வளவிருக்க, மனிதன் செய்த குளிர்ப்பெட்டியின் மீது பழி சுமத்துவது முறையா?”

உப்பில் குளோரின் உண்டு என்பது உண்மையே. உப்புக்காற்றில் இரும்பு இற்றுப்போவதைத் தினந்தோறும் காணும் நமக்கு, கடலின் ஆற்றலைப் பற்றி எவரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உப்பு நீரில் கரையும் பொருள். மழை பெய்தால் உப்பளப் பாத்தியில் விளைந்திருந்த உப்புக் கரைந்து போவதைப் பார்த்தவர்கள் நாம். காற்றில் ஏறிய உப்பையும் மழை அவ்வாறே கழுவி இறக்கிவிடுகிறது. குளோரோ புளோரோ கார்பனோ நீரில் கரைந்து இறங்குவதில்லை. ஆகவே மேலே செல்கிறது. வாதம் இவ்வளவு தெளிவாக இருப்பினும், வாதம் மட்டும் போதாது. மேலே சென்று அளந்து காட்ட வேண்டும்.

ஒளியைக் கொண்டு அளக்கும் முறை

செயற்கைக்கோள் காற்றைக் குப்பியில் பிடித்து அளப்பதில்லை. ஒளியைக் கொண்டே அளக்கிறது. ஒவ்வொரு வளியும் தனக்கென்று உரிய சில அலைநீளங்களில் மட்டுமே ஒளியை விழுங்கும். மனிதருக்குக் கைரேகை எவ்வாறோ, வளிக்கு நிறமாலைக் கோடுகள் அவ்வாறு. ஓசோனின் கோடு வேறு. மீத்தேனின் கோடு வேறு. எந்தக் கோடு தெரிகிறதோ அந்த வளி உண்டு. கோடு எவ்வளவு அழுத்தமாக உள்ளதோ அவ்வளவு வளி உண்டு.

இதனைச் செயற்படுத்த மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, நேர்கீழே நோக்குவது. தரையும் மேகமும் காற்றும் திருப்பி அனுப்பும் கதிரவன் ஒளியில் எவ்வளவு புறஊதா குறைந்துள்ளது என்று பார்ப்பது. நிம்பஸ் 7 செய்தது இதுவே. 2013 ஜூலையில் ஏவப்பட்ட நமது இன்சாட் 3டி, ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்று அகச்சிவப்பு ஒளியில் கீழ்நோக்கி ஓசோனின் மொத்த அளவைக் கண்டது.

இரண்டாவது வழி நம் கடற்கரையாருக்கு எளிதில் விளங்கும். இராமேசுவரத்தில் கதிரவன் கடலிலிருந்து எழும்போது செந்நிறமாகத் தோன்றுகிறது. உச்சிக்கு வந்தபின் வெண்மையாக ஒளிர்கிறது. காரணம் என்ன? தொடுவானத்தில் உள்ள கதிரவனின் ஒளி, காற்றுக்குள் நெடுந்தொலைவு நுழைந்து வர வேண்டியுள்ளது. வழியில் நீல ஒளி சிதறிப்போய்ச் சிவப்பு எஞ்சுகிறது. பூமியை நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 முறை சுற்றும் செயற்கைக்கோளுக்கு ஒரே நாளில் 15 உதயமும் 15 மறைவும் உண்டு. ஒவ்வோர் உதயத்தின்போதும் மறைவின்போதும் காற்றின் விளிம்பு வழியாகக் கதிரவனை நோக்கினால், எந்த உயரத்தில் எந்த வளி எவ்வளவு ஒளியை விழுங்கியது என்று தெரிந்துவிடும். கணக்கிடும் முறைக்கு அறிவியலார் வைத்துள்ள பெயர் வெங்காயம் உரித்தல் என்பது. முதலில் மேலடுக்கின் அளவைக் காண்பர். அதனைக் கழித்துவிட்டு அடுத்த அடுக்கைக் காண்பர். இவ்வாறே தோல் தோலாக உள்ளே செல்வர்.

இம்முறையில் மற்றொரு நன்மையும் உண்டு. காற்றுக்கு மேலே கதிரவனைத் தடையின்றிப் பார்த்த அளவையும், காற்றின் ஊடே பார்த்த அளவையும் அடுத்தடுத்த நொடிகளில் ஒப்பிடுவதால், கருவிக்கு வயதானாலும் அளவை பெரிதும் பிழைபடுவதில்லை. நிறுக்கும்போதெல்லாம் தராசு முள்ளைச் சரிபார்த்துக்கொள்வதைப் போன்றது அது.

மூன்றாவது வழிக்குக் கதிரவனே வேண்டியதில்லை. அடுப்பு அணைந்த பின்னும் கல் வெப்பத்தை வீசிக்கொண்டிருப்பதுபோல, வளி மூலக்கூறுகள் தாமே நுண்ணலைகளை வெளியிடுகின்றன. 2004 ஜூலையில் ஏவப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய ஆரா என்ற செயற்கைக்கோளின் நுண்ணலைக் கருவி அவற்றையே வாங்கி அளந்தது. ஆதலால் துருவத்தின் நீண்ட இரவிலும் அதற்கு வேலை நடந்தது.

உப்பின் வழக்கு தீர்ந்த வகை

இப்பொழுது எதிர்ப்பாளரின் வினாவிற்கு வருவோம். 1991 செப்டம்பரில் மேல்வளி ஆய்வுக்கென்றே ஒரு செயற்கைக்கோளை அமெரிக்கர் அனுப்பினர். அதில் இருந்த ஹாலோ என்ற கருவி, நான் கூறிய இரண்டாவது முறையில், கதிரவன் எழுகையிலும் மறைகையிலும் அளந்தது. அளக்கவேண்டிய வளிகளில் சிலவற்றையே சிறு குப்பிகளில் அடைத்து அக்கருவிக்குள் வைத்திருந்தனர். குப்பியில் உள்ள வளியின் கோடுகளோடு வானத்து ஒளியின் கோடுகளை ஒத்துப் பார்த்ததால் ஆள்மாறாட்டத்திற்கு இடமில்லாது போயிற்று.

ஹாலோ, ஹைட்ரஜன் குளோரைடையும் ஹைட்ரஜன் புளோரைடையும் ஒருசேர அளந்தது. இங்கேதான் வழக்கு தீர்ந்தது. குளோரினுக்குக் கடலைக் காரணம் காட்டலாம். புளோரினுக்குக் காட்ட முடியாது. அடுக்கு மண்டலத்தில் புளோரின் சேர்வதற்கு மனிதன் செய்த அந்த வளிகளைத் தவிரக் குறிப்பிடத்தக்க வேறு மூலம் இல்லை. மேலே இரண்டும் கூடியே உயர்ந்து வந்தன. அவற்றின் விகிதமும் மனிதன் வெளியிட்ட வளிகளின் கணக்கோடு பொருந்தியது. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸ் நாட்டின் பினாட்டுபோ எரிமலை பெரிதாக வெடித்தபோதும், மேலே குளோரின் அதற்கேற்பப் பெருகவில்லை. எரிமலையின் குளோரினைப் பெரும்பாலும் நீரே கழுவி இறக்கிவிட்டது. 1996இல் இம்முடிவு வெளியானபின் உப்பின் மீது பழிபோட வழியில்லாது போயிற்று. நூறு கோடியில் மூன்று என்ற அளவுள்ள ஒரு பொருள் தன் பிறப்பிடத்தைத் தானே கூறிவிட்டது எனலாம்.

உடன்பாட்டின் பயனையும் செயற்கைக்கோள்களே காட்டின. ஆரா அளந்த எண்களைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வு, அண்டார்க்டிகாவின் குளிர்காலத்தில் ஓசோன் அழிவு 2005ஆம் ஆண்டைவிட ஏறத்தாழ நூற்றுக்கு 20 பங்கு குறைந்திருப்பதையும், குளோரின் குறைந்ததே அதற்குக் காரணம் என்பதையும் தெரிவித்தது. உடன்பாடு காக்கப்பட்டால் உலகின் பெரும்பகுதியில் 2040 அளவிலும், அண்டார்க்டிகாவில் 2066 அளவிலும் ஓசோன் 1980ஆம் ஆண்டின் நிலைக்குத் திரும்பும் என்பது 2022ஆம் ஆண்டின் உலகளாவிய மதிப்பீடு. இந்தியா 1992இல் உடன்பாட்டில் சேர்ந்தது. அளவை இல்லாதிருந்தால் அந்த உடன்பாடு வெறும் நல்லெண்ணமாகவே நின்றிருக்கும்.

இவ்வறிவு எவருக்கு உரியது?

இத்துறையில் நம் நாட்டவரின் பங்கு சிறிதன்று. அன்னா மணி என்ற பெண்மணி, பலூனில் ஏறி ஓசோனை அளக்கும் கருவியை 1960களில் இந்தியாவிலேயே உருவாக்கச் செய்தார். 1963 நவம்பர் 21ஆம் நாள் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏறியது மேல்வளியின் காற்றோட்டத்தை ஆராய்வதற்கே. அப்பணியில் ஈடுபட்ட இளைஞர்களுள் ஒருவர் இராமேசுவரத்தில் பிறந்து, இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் பயின்ற அப்துல் கலாம் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் நீங்கள் அவ்வளவாகக் கேள்விப்படாத ஒருவரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். மேகநாத சாகா 1893இல் டாக்கா அருகே ஒரு சிற்றூரில், சிறு மளிகைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். சாதி ஏணியின் கீழ்ப்படியில் வைக்கப்பட்ட குடும்பம். ஊர் மருத்துவர் ஒருவர் உணவும் இடமும் அளித்ததால் மேற்படிப்பு வாய்த்தது. கல்கத்தாவில் கல்லூரி விடுதியில் உடன்பயின்றோரில் சிலர் அவரோடு அமர்ந்து உண்ண மறுத்தனர். அந்த இளைஞர்தாம் 1920இல் விண்மீன்களின் நிறமாலையைப் படிக்கும் திறவுகோலாகிய சமன்பாட்டை உலகிற்கு அளித்தார். 1937இல், செயற்கைக்கோள் என்ற பொருளே தோன்றாத காலத்தில், ஓசோன் அடுக்குக்கு மேலே கருவியை அனுப்பிக் கதிரவனின் புறஊதா நிறமாலையைப் பதிவு செய்ய வேண்டும் என்று எழுதினார். பந்தியில் இடம் மறுக்கப்பட்டவருடைய கருத்து, மறுத்தவர்கள் எவரும் எட்டிப் பார்க்காத உயரத்தை எட்டியது.

இளைஞர்களே! வானத்தைப் படிக்கும் அறிவு எவருடைய பரம்பரைச் சொத்துமன்று. செயற்கைக்கோள்கள் அளந்த எண்கள் பலவும் இன்று எவரும் பெறத்தக்கனவாக உள்ளன. நமது விண்வெளி நிறுவனத்தின் மோஸ்டாக் தரவு மையத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் இன்சாட் தரவுகளைப் பெற்று ஆராயலாம். அதற்கு வேண்டுவன இயற்பியல், வேதியியல், கணிதம், கணிப்பொறி ஆகியவற்றில் அடிப்படைத் தேர்ச்சியும் பொறுமையுமே. இத்துறையில் மேற்கல்வி பெற திருவனந்தபுரத்தில் விண்வெளி அறிவியல் கல்வி நிறுவனம் உண்டு. திருப்பதிக்கு அருகே கடங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் உண்டு. பக்கத்து மாவட்டமான தூத்துக்குடியின் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரி 28ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் வாயிலில் நம் பிள்ளைகள் கட்டடக் கூலிகளாகவும் காவலாளிகளாகவும் மட்டுமே நுழைவார்களா, கருவியை வடிவமைப்போராகவும் கணக்கைச் சரிபார்ப்போராகவும் நுழைவார்களா என்பதை இன்று பள்ளியில் இருக்கும் தலைமுறையே முடிவு செய்யும்.

கழகப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பத்தாம் வகுப்பிற்குப் பின் நம் பிள்ளைகள் கணிதத்தையும் அறிவியலையும் கைவிடாதிருக்க, மாலை வகுப்பும் சிறு ஆய்வுக்கூடமும் அமையுங்கள். ஒரு முப்பட்டகக் கண்ணாடியும் ஒரு வெண்தாளும் இருந்தால் கதிரவன் ஒளியைப் பிரித்துக் காட்டிவிடலாம். பெரிய கருவிகளின் அடிப்படையும் அதுவே.

அளவையின் பயன் ஒரு நாளில் விளைவதன்று. ஹாலோ 14 ஆண்டுகள் இடைவிடாது அளந்தது. 1984இல் சென்ற சேஜ் 2 என்ற கருவி 21 ஆண்டுகள் அளந்தது. இடையில் நின்றுபோயிருந்தால் ஓசோன் தேய்ந்ததும் தெரிந்திராது, தேறியதும் தெரிந்திராது. கல்விப் பணியும் அத்தகையதே. இருபத்தைந்து ஆண்டுகள் விடாது நடத்திய பெரியோர்களுக்கு என் நன்றி. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் மரக்கால் நம் பிள்ளைகள் கையிலும் இருக்கட்டும்; அவர்கள் நேர்மையாக அளக்கட்டும்.